கூழாங்கல் சொன்ன சேதி

கின்கா வந்ததும் வராததுமாக ஒரு துணிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தாள். பதினோரு கருவிகள் சரிந்து விழுந்தன. ஒன்றின் திரை பொடிப்பொடியாகியிருந்தது. இரண்டின் முதுகு பிளந்து பேட்டரி வெளியே தொங்கியது. ஒன்றில் பல் பதிந்த தடம்கூட இருந்தது.

"இதுக்கு நீங்க என்ன பேரு வச்சிருக்கீங்களோ, எங்க வார்டுல 'குளவி'ன்னுதான் சொல்றோம்," என்றாள். "உங்க குளவி கொட்டினா ஜனங்களுக்குப் பேய் பிடிச்சிருது, ரலிட்சா. நேத்து ஒருத்தர் என் தலையைக் குறி பார்த்து எறிஞ்சார். பள்ளிக்கூட வாத்தியாராம். எறிஞ்சுட்டு அவரே ஒக்காந்து அழறார்."

"அப்போ திரையில என்ன வந்துச்சு?"

"'அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.' அவ்வளவுதான்."

"அந்த ஒரு வரிக்கா எறிஞ்சார்?"

"வரியை எங்க படிச்சார்? கையில உர்ருன்னுச்சு, எறிஞ்சுட்டார்."

கின்கா, ப்லொவ்திவ் நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலி. ஐம்பது வயது. யார்மேல் கோபம் வந்தாலும் நேரே போய்ச் சொல்லிவிட்டு வருகிறவள். உள்ளே ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கும்போது, வெளியே காத்திருக்கும் உறவினர் கையில் எங்கள் கருவியைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளிருந்து செவிலி ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி அதிரும், திரையில் ஒரு வரி வரும். கதவைத் தட்டித் தட்டிக் கேட்க வேண்டாம், தாழ்வாரத்தில் கூட்டம் சேராது. அதற்காகத்தான் அதைச் செய்தோம்.

பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒன்பது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. வரிகளை வேறு ஆள் எழுதினார். கையில் பிடித்தால் எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் என் பொறுப்பு. எடை, ஓரம், மேல்தோல், அதிர்வு. முதலாளி லியுபென் உடைந்த கருவிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஆறு வாரம் தர்றேன்," என்றார். "கையில வச்சா கோவம் வரக்கூடாது. அது போதும்."

அந்த ஆறு வாரமும் நான் எதையாவது கையில் பிடித்துக்கொண்டே திரிந்தேன். சோப்பு, பேருந்துக் கம்பி, சூடான ரொட்டி, கார் சாவி. குளவி மெலிதாக, எடையே இல்லாமல், ஓரங்கள் விரலை அறுக்கிற மாதிரி இருந்தது. பிடித்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். கை இறுகினால் மனமும் இறுகும். மரித்சா ஆற்றங்கரையில் கல் பொறுக்கி எடை போட்டேன். கடைசியில் உள்ளே ஓர் உலோகத் தகடு வைத்து எடையைக் கூட்டினேன். ஓரமே இல்லாமல் வளைத்தேன். முதுகுக்குப் பீச் பழத் தோல் மாதிரி மெல்லிய பூச்சு கொடுத்தேன். உள்ளங்கைச் சூட்டை ஒரு நிமிடத்தில் வாங்கிக்கொள்ளும். அதிர்வு சட்டென்று வராது. மடியில் படுத்த பூனை சுகத்தில் உறுமுவதுபோல் மெல்ல எழும்பி, மெல்ல அடங்கும்.

நாற்பது பேரை அழைத்துவந்து இருபது இருபதாகப் பிரித்தோம். எல்லோருக்கும் ஒரே வரிதான்: "மருத்துவர் உங்களிடம் பேச விரும்புகிறார்." உறவினர் ஒருவர் உள்ளே இருப்பதாக வைத்துக்கொண்டால், அவர் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டோம். குளவியைப் பிடித்திருந்த இருபது பேரில் பதினான்கு பேர் கெட்ட சேதி என்றார்கள். புதியதைப் பிடித்திருந்தவர்களில் பதினேழு பேர் நல்லபடியாக முடிந்திருக்கும் என்றார்கள். அந்தப் பதினேழை அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டேன். லியுபென் அதைப் பார்த்துவிட்டு என் நெற்றியில் முத்தமிட்டார்.

மருத்துவமனையில் அதற்குக் 'கூழாங்கல்' என்று பெயர் விழுந்தது. ஏப்ரலில் கொடுத்தோம். மே மாதம் முழுவதும் ஒன்றுகூட உடையவில்லை. கின்கா ஒரு தட்டு நிறைய பனிட்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னடி மந்திரம் போட்டே? தாழ்வாரத்துல சத்தமே இல்லை. சிலபேரு திருப்பித் தரவே மாட்டேங்கறாங்க."

நாங்கள் விரலில் வெண்ணெய் வழிய வழியச் சாப்பிட்டோம்.

வாரம் ஒருநாள் நானே காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். ஜூன் பத்தாம் தேதியும் அப்படித்தான் போனேன். அந்த அறையில் யாரும் நிலையாக இருப்பதில்லை. எழுந்து காப்பி இயந்திரம் வரை போவார்கள், காப்பி வாங்காமலே திரும்புவார்கள். ஒரே பத்திரிகையின் ஒரே பக்கத்தை முப்பது தடவை புரட்டுவார்கள். ஒருவர் காலாட்ட ஆரம்பித்தால் வரிசை முழுவதும் கால் ஆடும். கையில் கூழாங்கல் இருந்தவர்களின் மேல் உடம்பு மட்டும் சாந்தமாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டை. கை இரண்டும் மண்வெட்டி அகலம். கூழாங்கல்லை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ யாருக்காக ஒக்காந்திருக்கே, பொண்ணே?"

"நான் வேலையா வந்திருக்கேன், ஐயா. இந்தக் கருவி ஜனங்களுக்கு எப்படி இருக்குன்னு பார்க்க."

"இதுவா? கோழிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு." அவர் பெயர் ஸ்டாமென். உள்ளே இருந்தது அவர் மனைவி பென்கா, இதய வால்வு. "முப்பத்தோரு வருஷமா பஸ் ஓட்டறேன். ஸ்டியரிங் லேசா உதறினாப் போதும், எந்தச் சக்கரத்துல கோளாறுன்னு சொல்லிருவேன். ஆனா பென்காகிட்ட இருந்த கோளாறு இந்தக் கைக்குத் தெரியலை. மாடிப்படி ஏறும்போது பாதியில நிப்பா. என்னடின்னா, ஜன்னல்ல செடியைப் பார்க்கறேன்னுவா. மூணு வருஷமாப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. அந்த ஜன்னல்ல செடியே கிடையாது!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கையில் கூழாங்கல் மெல்ல உறுமியது. திரையில் வரி வந்தது: "மருத்துவர் உங்களிடம் பேச விரும்புகிறார். மூன்றாம் கதவுக்கு வரவும்."

ஸ்டாமெனின் தோள் இரண்டும் இறங்கின. முகம் மலர்ந்தது. "முடிஞ்சிருச்சு!" என்று என் முழங்கையைத் தட்டினார். எழுந்து சட்டையைக் கால்சட்டைக்குள் செருகினார். செருகிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டார்.

"இஸ்க்ரா! உங்கம்மா பொழைச்சுட்டாடி! டாக்டர் கூப்பிடறார். கடையைப் பூட்டிட்டுக் கெளம்பு. வரும்போது பக்லவா வாங்கிட்டு வா, நர்சுங்களுக்கெல்லாம் கொடுக்கணும்."

அவர் மூன்றாம் கதவுக்குள் போனார். நான் நோட்டில் எழுதினேன்: "அமைதி. புன்னகை. உடனே எழுந்தார்."

கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஒரு நாற்காலி விழுந்தது.

வெளியே வந்தபோது அவர் அழவில்லை. இடது கையில் கூழாங்கல் இருந்தது. கட்டைவிரல் அதை இன்னும் தடவிக்கொண்டிருந்தது. வலது கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

"நீ பேசறியாம்மா? பேரு இஸ்க்ரா. எனக்கு… எந்தப் பொத்தான்னு தெரியலை."

நான் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். மறுபடி அழைத்தேன். மறுபடியும். அரை மணி நேரத்தில் அவளே வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும், மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள். கையில் நூல் கட்டிய இனிப்புப் பெட்டி.

"அப்பா! எங்க வச்சிருக்காங்க? பார்க்க விடுவாங்களா?"

ஸ்டாமென் அவளையே பார்த்தார். கின்கா உள்ளிருந்து வேகமாக வந்து இஸ்க்ராவின் தோளைப் பிடித்துக் காதோடு ஏதோ சொன்னாள்.

இஸ்க்ரா பெட்டியைக் கீழே போடவில்லை. பத்திரமாகப் பிடித்துக்கொண்டே, "போன்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். "அப்பா, உங்களைத்தான். போன்ல என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க." இதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். குரல் உயர்ந்துகொண்டே போனது.

நான் காப்பி இயந்திரத்தின் பின்னால் நின்றேன். அவர்களிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பின்படி வழியாக இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் வலது தொடையில் ஏதோ அதிர ஆரம்பித்தது. பையில் கைவிட்டால் போன் சும்மா கிடக்கும். கடைத்தெருவில் தக்காளி பொறுக்கும்போது அதிரும். கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அதிரும். போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்; அப்போதும் அதிர்ந்தது. ஒரு வாரம் கழித்து அவர்கள் குடியிருப்பு வழியாகப் போனேன். வாசல் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் பென்காவின் படம் போட்ட இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. உருண்டை முகம், பூப்போட்ட சட்டை. நிற்காமல் நடந்தேன். அடுத்த கம்பத்திலும் அவள்தான் இருந்தாள்.

லியுபெனிடம் போய்ச் சொன்னேன். "நம்ம கருவி பொய் சொல்லுது."

"எந்த வரி பொய்? டாக்டர் பேசணும்னார், பேசணும்னு வந்துச்சு."

"வரி இல்லை. கையில வர்ற அந்த உறுமல். அது, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுது. வரியைப் படிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருது. இருபதுல பதினேழு பேர் நம்பினாங்கன்னு நானே எழுதிக் கொடுத்தேன். நம்பினது சரியா தப்பான்னு நான் யோசிக்கவே இல்லை."

லியுபென் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "குளவியைக் கொடுத்தோம், செவுத்துல அடிச்சாங்க. கூழாங்கல்லைக் கொடுத்தோம், சிரிச்சாங்க. ரெண்டும் தப்புன்னா எதைத்தான் கொடுக்கறது? இன்னும் நாலு ஆஸ்பத்திரி கேட்டிருக்கு, ரலிட்சா. வேற வழி இருந்தா கொண்டு வா. அழுகையை மட்டும் கொண்டு வராதே."

என்னிடம் வேறு வழி இல்லை. அதிர்வைக் கொஞ்சம் கூர்மையாக்கினேன். குளவி எட்டிப் பார்த்தது. மழுக்கினேன், மறுபடி பூனை. நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று தேடினேன். எந்த அதிர்வானாலும் கை அதற்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொள்கிறது. அர்த்தமே இல்லாமல் அதிரவைக்க எனக்குத் தெரியவில்லை.

ஜூலை இருபதாம் தேதி காலையில் அலுவலகக் கதவு திறந்தது. ஸ்டாமென் நின்றார். கறுப்புச் சட்டை, கையில் ஒரு பை. கூழாங்கல்லின் முதுகில் எங்கள் முகவரி இருக்கும். அதை வைத்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

பையிலிருந்து ஒரு காகிதக் கோப்பையை எடுத்து நீட்டினார். வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரை. "இன்னிக்கு நாப்பதாம் நாள். எல்லாருக்கும் கொடுக்கறேன். சாப்பிடு."

"கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்," என்று இறந்தவருக்காகச் சொல்லும் வழக்கப்படி சொல்லி ஒரு கரண்டி வாயில் போட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கூழாங்கல்லை எடுத்தார். "திருப்பிக் கொடுத்திருக்கணும். தப்புதான். இது செத்துப்போச்சு, நாலு நாளா திரைகூட எரியலை. கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தர்றியா?"

"இது ஆஸ்பத்திரிக்குள்ளதான் வேலை செய்யும், ஐயா. இதுல சேதி எதுவும் வராது."

"தெரியும். சேதி யாருக்கு வேணும்? ஏழெட்டு நாள் இதைக் குப்பையில போட்டேன். ஏழெட்டு நாளும் திரும்ப எடுத்தேன். கையில இருந்தா மனசு ஒரு இடத்துல நிக்குது. ஆனா பார்த்தாலே வெட்டிப் போடலாம் போல இருக்கு." கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது. "இது ஏன் அப்படி நடுங்குச்சு? யாரு அதை அப்படிச் செஞ்சது?"

லியுபென் எழுந்து நின்றார்.

"நான்தான்," என்றேன்.

அவர் என் பக்கம் ஓர் எட்டு வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"அப்போ நீ என்கூட வரணும்," என்றார். "இஸ்க்ரா என்னோட பேசி நாப்பது நாளாச்சு. நான் பொய் சொன்னேன்னு நினைக்கறா. அம்மா செத்தது தெரிஞ்சும், அவளை வரவழைக்க அப்படிச் சொன்னேன்னு நினைக்கறா. அவ கையில இனிப்புப் பெட்டியோட வந்து நின்னா பாரு… அதை அவளால மறக்க முடியலை. டாக்டர் கூப்பிட்டார்னு மட்டும்தானே வந்துச்சு, பொழைச்சுட்டாங்கன்னு எங்க வந்துச்சுன்னு கேக்கறா. என்ன சொல்றது? கை சொல்லுச்சுன்னா சொல்றது?"

லியுபெனின் காரை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். கூழாங்கல்லை வண்டியிலேயே சார்ஜ் போட்டேன். இஸ்க்ராவின் ஊரான அசெனொவ்கிராத் போய்ச் சேரும்வரை, பக்கத்து இருக்கையில் ஸ்டாமென் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

இஸ்க்ராவின் மருந்துக்கடையில் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அப்பாவைக் கண்டதும் அவள் முகம் இறுகியது. "வேலை நேரம்," என்றாள்.

"இஸ்க்ரா, இது ரலிட்சா. இவதான் அந்த…"

"வேலை நேரம்னு சொன்னேன்ல?"

கருவிகளை எங்கே வைத்தும் இயக்கிச் சோதிக்கும் என் மடிக்கணினியைக் கவுன்டர் மேல் திறந்து வைத்தேன். கூழாங்கல்லை அவளிடம் நீட்டினேன். "அஞ்சு நிமிஷம் கையில வச்சிருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அவள் வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வரிசையில் நின்ற கிழவி, "வாங்கித் தொலையேன் பொண்ணே, எனக்கு பஸ்ஸு போயிரும்," என்றாள். இஸ்க்ரா வெடுக்கென்று வாங்கினாள். ஒரு கையில் அதை வைத்துக்கொண்டு மறுகையால் கிழவிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். மாத்திரை சாப்பிடும் வேளையை உறையில் எழுதினாள். அடுத்தவருக்கும் கொடுத்து அனுப்பினாள். அதற்குள் அவள் கட்டைவிரல் அதன் முதுகைத் தடவ ஆரம்பித்திருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

நான் பொத்தானை அழுத்தினேன்.

கூழாங்கல் உறுமியது. திரையில் அதே வரி. அம்மா இறந்து நாற்பது நாள் ஆனது அவளுக்குத் தெரியும். கதவுகளில் அம்மாவின் படத்தை ஒட்டியவளே அவள்தான். ஆனாலும் தோள் இரண்டும் இறங்கின, உதட்டோரம் மேலேறியது. ஒரு நொடிதான். பிறகு, சூடான சட்டியைத் தொட்டவள்போல் கையை உதறினாள். கூழாங்கல் இருமல் மிட்டாய்ப் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தது.

"எனக்கு…" என்றாள். "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அப்பா. இப்போ. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

ஸ்டாமென் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனார். அவள் அவர் நெஞ்சில் நெற்றியை முட்டினாள்; ஆத்திரத்தோடுதான் முட்டினாள், இரண்டு தடவை. பிறகு அங்கேயே சாய்ந்துவிட்டாள். "அந்தப் பக்லவாவை நான் இன்னும் பிரிக்கலை. பிரிட்ஜ்ல இருக்கு," என்றாள் அவர் சட்டைக்குள்ளேயே.

"தூக்கிப் போடுடி அதை."

"நீங்க வந்து போடுங்க."

உள்ளே வந்த ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டு, என்னிடம் கூழாங்கல்லைக் காட்டி, "இது என்ன விலை?" என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே வரும்போது இஸ்க்ரா கூப்பிட்டாள். முகம் ஈரமாக இருந்தது, குரல் கத்தி மாதிரி இருந்தது.

"நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலை," என்றேன். உண்மையிலேயே நினைக்கவில்லை.

மறுநாள் ஒரு பக்கம் எழுதி லியுபென் முன்னால் வைத்தேன். கருவி ஒரே ஒரு சேதிதான் சொல்லும்: நடந்துகொண்டிருக்கிறது. முடிந்த பிறகு, நல்லதோ கெட்டதோ, அது அதிரக் கூடாது. ஓர் ஆள் நடந்து வந்து சொல்ல வேண்டும். பதினேழு பேர் கணக்கை விளம்பரத் தாளிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் நான் வேலையை விட்டுப் போகிறேன்.

"ஆஸ்பத்திரிக்காரங்க ஆளுக்கு எங்க போவாங்க?" என்று லியுபென் கத்தினார். "ஆள் இல்லாமத்தானே நம்மகிட்ட வர்றாங்க?"

கின்காவுக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மூணாம் கதவுலேர்ந்து அந்த நாற்காலி வரைக்கும் பன்னிரண்டு எட்டு. எனக்கு முட்டி வலிதான், ஆனா பன்னிரண்டு எட்டு நடப்பேன். அன்னிக்கே நடந்திருக்கணும். பொத்தானை அழுத்தினது நான்தானே, லியுபென்?"

அவர் என் தாளை இழுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார். நான்கு மருத்துவமனைகளில் இரண்டு விலகிக்கொண்டன. லியுபென் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் விளம்பரத் தாளில் அந்த வரியை அவரே பேனாவால் அடித்து அச்சகத்துக்கு அனுப்பினார்.

தொடையில் அதிர்வது நின்றபாடில்லை, குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அக்டோபரில் ஒருநாள் மருத்துவமனைக்குப் போனேன். காத்திருப்பு அறையில் பழையபடி சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. வருவது யார், எப்படி நடந்து வருகிறார், முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தன. அது யாருக்கும் சுகமான காத்திருப்பு இல்லை. ஸ்டாமென் மறுபடி வண்டி எடுத்துவிட்டார் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டில்தான் சாப்பாடு என்றும் கின்கா சொன்னாள்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு ஏழு தடவை நடந்தேன். ஆறு தடவை என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

ஏழாவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே எழுந்து, கை கழுவப் போனாள்.